நம்ம ஊர் எடைக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) நாங்கள் சிலர் சேர்ந்து உடல் பருமனைத் தடுக்கும் வேலை ஒன்றை இரண்டு வருடமாகச் செய்து வருகிறோம். கோயில் நிர்வாகத்தில் இருவர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஒட்டுக்கடை (சின்னச் சாப்பாட்டுக் கடை) வைத்திருக்கும் இரண்டு பேர், ஓய்வுபெற்ற தாதி (நர்ஸ்) ஒருவர், அரசாங்க கிளினிக்கிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற ஊழியர் ஒருவர். இவ்வளவுதான் குழு. பெயர் வைக்கவில்லை, ஊரே "எடைக் குழு" என்று வைத்துவிட்டது. நான் அதில் கணக்கு எழுதுகிறவள். வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி பத்து முறை வருகிறது. ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டால் என் விரலுக்கு விடுதலை.

வாயைக் கட்டினால் எடை தானாகக் குறையும். அதற்கு எதற்கு ஒரு குழு?

என் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு ஐந்நூறு மரம் சீவ வேண்டும். அப்புறம் அதே மரங்களுக்குத் திரும்பப் போய்ப் பால் எடுத்து, காண்டாவில் (தோள் கம்பில்) இரண்டு பக்கமும் வாளி தொங்க, மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு குண்டான் சோறும் சீனி தூக்கலாகத் தேத்தண்ணியும் குடிப்பார். அது அன்றைய வேலைக்குத் தேவையான எரிபொருள். அவருக்குத் தொப்பை என்ற ஒன்றே கடைசிவரை வரவில்லை.

என் தம்பி தொழிற்சாலையில் காவலாளி. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலி. ஆனால் அம்மா அப்பாவுக்குப் போட்ட அளவுதான் அவனுக்கும் போட்டுப் பழகினார். உடம்பை விட்டு வேலை போனது, தட்டை விட்டுச் சோறு போகவில்லை. தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ குடும்பத்தின் கதை இது.

சரி, தட்டைக் குறைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். ரொட்டி சானாய் (பரோட்டா), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), தே தாரிக் (டின்பால் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி). வேறு எதுவும் அந்த நேரத்தில் திறந்திருக்காது. ஆளை மட்டும் திட்டிக்கொண்டு, அவர் நிற்கிற இடத்தை அப்படியே விட்டுவைத்தால் எதுவும் மாறாது. அந்த இடத்தை மாற்ற ஓர் ஆளால் முடியாது, அதற்குத்தான் குழு.

சுகாதார அமைச்சின் 2023 ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே சமயத்தில் மனவுறுதி கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எடை எல்லாருக்கும்தானே ஏறுகிறது? ஏழை, பணக்காரர் என்று ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்?

நாங்கள் செய்த தப்பிலிருந்தே சொல்கிறேன். முதல் வருடம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபத்தில் உடற்பயிற்சி வகுப்பு வைத்தோம். இலவசம். முப்பது பேர் வந்தார்கள், எங்களுக்கு ஒரே பெருமை. மூன்றாவது மாதம் பெயர்ப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பாதிப் பேர் ஆசிரியர்கள். மீதி ஓய்வுபெற்ற கிராணிமார்கள் (தோட்ட எழுத்தர்கள்), அவர்கள் வீட்டுப் பெண்கள், கார் வைத்திருக்கிறவர்கள். நம் வகுப்புக்கு வராவிட்டாலும் வேறெங்காவது போய் நடக்கக்கூடியவர்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை இருக்கிறவர், மோட்டார் சைக்கிள் ஒன்றுதான், அதையும் கணவர் எடுத்துப் போய்விட்டார் என்கிறவர், மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், இவர்களில் ஒருவர்கூட இல்லை. அதாவது ஏற்கெனவே கொஞ்சம் நன்றாக இருந்தவர்களை இன்னும் நன்றாக்கி, இடைவெளியை நாங்களே அகலப்படுத்தியிருக்கிறோம். சுகாதார ஏற்றத்தாழ்வு என்று பெரிய சொல்லாகச் சொல்வது இதைத்தான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் கோலாக் என்றொரு சின்ன ஊர். 2003லிருந்து 2006 வரை பள்ளி, உள்ளூராட்சி, சுகாதார நிலையம், கடைகள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுக்காக வேலை செய்தன. பள்ளியில் தண்ணீர் குடிக்கும் பழக்கம், பள்ளிக்கு நடந்து போவது, பள்ளி விட்ட பிறகு விளையாட்டு, கடையில் உருளைக்கிழங்கு பொரிக்கிற எண்ணெய் முதற்கொண்டு பார்த்தார்கள். அதே வட்டாரத்தின் மற்றப் பிள்ளைகளை விட அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏறிய எடை சராசரியாக 1 கிலோ அளவுக்குக் குறைவு, இடுப்பளவு 3 சென்டிமீட்டர் குறைவு. என்னைக் கவர்ந்தது அதுவல்ல. மற்ற இடங்களில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் எடை அதிகம் ஏறியது. கோலாக்கில் அந்த வித்தியாசம் இல்லை. வகுப்பு நடத்தி ஆள் சேர்க்காமல் பள்ளியையும் கடையையும் மாற்றியதால், யாரும் எங்கும் தனியாக வரவேண்டியிருக்கவில்லை.

மண்டப வகுப்பு இன்னும் நடக்கிறது, வருகிறவர்களை ஏன் விரட்ட வேண்டும்? ஆனால் குழுவின் நேரமும் காசும் இப்போது பஸ் நிறுத்தம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, ஒட்டுக்கடை, தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று போகிறது.

கூட்டு முயற்சி என்றால் உண்மையில் யார் என்ன செய்கிறார்கள்?

கோயில் இடம் கொடுக்கிறது. பள்ளி, பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் நுழைய வழி கொடுக்கிறது. கிளினிக் ஊழியர் இரத்த அழுத்தமும் சீனி அளவும் பார்க்கிறார். ஒட்டுக்கடைக்காரர்கள் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், அவர்கள்தான் கதாநாயகர்கள்.

அமைச்சுக்கே 2013இலிருந்து கோஸ்பென் என்ற திட்டம் இருக்கிறது. ஊர்த் தொண்டர்களைப் பழக்கி உணவு, உடலசைவு, எடை, புகைப்பிடித்தல், நோய்ப் பரிசோதனை ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்வது. எங்கள் தாதி அக்கா அதில் பயிற்சி பெற்றவர். தராசும் இடுப்பளவு நாடாவும் அந்த வழியில் வந்தவை.

"நம்மாட்கள் எதற்கும் ஒன்றுசேர மாட்டார்கள்" என்று ஒரு பெரியவர் முதல் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார். ஐயா, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற அந்தத் துண்டாடல் நடந்தபோது இந்த ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தையே வாங்கினவர்கள் யார்? உங்கள் அப்பாவும் என் அப்பாவும்தானே என்று கேட்டேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தார். இப்போது அவர்தான் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்.

தே தாரிக்கைக் கெடுத்ததே நீங்கள்தானாமே?

ஆமாம். ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒட்டுக்கடை ஒன்று ஓய்ந்திருந்தபோது அங்கே சமையல் தராசை எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, எப்போதும் போல ஒரு தே போடுங்கள், டின்பால் (சீனி சேர்த்த கெட்டிப் பால்) ஊற்றும்போது மட்டும் கிளாஸைத் தராசில் வைத்துக்கொள்கிறேன்." அவர் கரண்டியை டின்னுக்குள் விட்டார், தூக்கினார், கெட்டியாக ஒரு கயிறு போல் இறங்கியது. இன்னொரு கரண்டி. பிறகு பழக்கத்தில் மணிக்கட்டை ஒரு சுழற்று, கரண்டி விளிம்பில் தொங்கினதும் விழுந்தது. 46 கிராம். டின்பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனி. ஆக ஒரு கிளாஸில் நாலைந்து தேக்கரண்டிச் சீனி. அவருக்கே அதிர்ச்சி. "நான் இரண்டு கரண்டிதானே போடுகிறேன்!" கரண்டி அவ்வளவு பெரிசு, அண்ணே.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி ஏறக்குறைய 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள். நம் ஆள் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒன்று. சாப்பிட உட்காருமுன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

அரசாங்கம் 2019 ஜூலை 1இலிருந்து இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, இப்போது அது 90 சென். நல்லதுதான். ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வருகிற பானத்துக்கு. கடையில் கலக்கிக் கொடுக்கிற கிளாஸை அந்த வரி தொடாது. சாதாரணச் சீனிக்கு உச்ச விலையும் கட்டி வைத்திருக்கிறார்கள். கங்கோங் கீரைக்கு அப்படி விலை கட்டின கதை நான் கேட்டதில்லை.

அண்ணனின் பயம் நியாயமானது: "தங்கச்சி, நான் சீனியைக் குறைத்தால் எல்லாரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்." அதனால் எதிர்க்கடைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர். ஒரே நாளில் இரண்டு கடையிலும் கரண்டியை மாற்றுவது, மூன்று மாதத்தில் மூன்று முறை சின்னதாக்குவது, யாரிடமும் சொல்வதில்லை என்று ஏற்பாடு. முதல் இரண்டு முறையும் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது முறை ஒருவர் கண்டுபிடித்து "என்ன தே இது, கழுவின தண்ணி மாதிரி" என்றார். இப்போது இரண்டு கடையிலும் "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று கேட்கவேண்டியதில்லை. அதுதான் வழக்கமான கிளாஸ். இனிப்பு வேண்டும் என்கிறவர்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். டின்பால் செலவு குறைந்தது கடைக்காரருக்கு மிச்சம்.

சோற்றை விட்டுவிடச் சொல்வீர்களா?

இல்லை. அமைச்சு சொல்வது "சுக்கு சுக்கு செப்பாரோ": தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறி, பழம். நமக்கு இது புதிதல்ல. வாழை இலையை நினைத்துப் பாருங்கள். மேல்பாதி முழுக்கக் கூட்டு, பொரியல், கீரைக்கு, கீழ்ப்பாதியில்தான் சோறு. இலை சரியாகத்தான் இருக்கிறது. நாம்தான் மேல்பாதியில் ஆளுக்கு ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, கீழே மலை கட்டி, அப்பளத்தை மேலே குத்தி, இரண்டாவது சோறும் வாங்குகிறோம். மேலே கை தாராளமாகட்டும், கீழே ஒரு தடவையோடு நிற்கட்டும். பிரட்டல் எண்ணெயை இலையிலேயே ஒதுக்கிவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

என் பேரன் பூசினாற்போல் இருக்கிறான். பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. குழந்தை கொழுகொழுவென்று இருப்பது தப்பா?

பாட்டிமார்களோடு எனக்குச் சண்டை வேண்டாம். பட்டினி பார்த்தவர்கள். ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக் கிழங்குக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கொழுத்த குழந்தை என்றால் வீட்டில் அரிசி இருக்கிறது என்று அர்த்தம். அந்த அன்பை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. அமைச்சின் 2019 ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாங்கள் போகிற வீடுகளிலேயே அம்மா பருமன், மூத்தவன் பருமன், சின்னவள் குட்டை. மூவருக்கும் ஒரே காரணம்: வயிறு நிரம்புகிறது, சத்து நிரம்பவில்லை. காலையில் மைலோவும் பிஸ்கட்டும், மத்தியானம் சோறும் சொசேஜும், இரவில் மேகி. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்தால் மூவருக்குமே நல்லது. "குறை" என்று சொன்னால் பாட்டி விடமாட்டார், "மாற்று" என்றால் கேட்கிறார். தமிழ்ப்பள்ளிச் சுவரோரம் கீரையும் வெண்டையும் போட்டிருக்கிறோம். பறிக்கிற பிள்ளைக்கே வீட்டுக்கு. தானே பறித்ததை அவன் தானே சாப்பிட்டும் விடுகிறான்.

எந்தக் குழந்தையையும் வகுப்பு முன்னால் நிறுத்தி எடை பார்க்க விடமாட்டோம். பட்டப்பெயர் வைக்கும் மாமாக்களுக்கும் இதே வேண்டுகோள்.

நான் ஒல்லிதான், தொப்பை மட்டும் கொஞ்சம். எனக்கு என்ன?

உங்களைத்தான் தேடுகிறோம். 2004இல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, நம் ஆளுக்கு 21.2. நம் உடம்பு வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23லேயே கவனிக்கச் சொல்கிறார்கள். தராசை விட நாடா நம்பகமானது: இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் ஒருமுறை சீனி அளவு பார்த்துவிடுங்கள். இந்நாட்டில் இனிப்பு நீர் (நீரிழிவு) இனவாரியாக அதிகம் இருப்பது நம்மிடம்தான்.

கோயில் பாயசத்தை நிறுத்தப் போகிறீர்களா?

இல்லை. பாயசம் என்றைக்கோ ஒரு நாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரசாதத்தோடு கொடுத்த சிராப் தண்ணீரைத்தான் வெறும் தண்ணீராக்கினோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோரும் வைத்தோம், முதலில் தீர்ந்தது அதுதான். பூசாரி ஐயாவே மைக்கில் சொன்னதால் எதிர்ப்பு வரவில்லை. நான் சொல்லியிருந்தால் கதையே வேறு.

மெலிய வைக்கும் கோப்பி வாங்கலாமா?

வேண்டாம். அப்படிப்பட்ட கோப்பிகளில் சிபுட்ராமின் என்ற மருந்து ஒளித்துக் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010இலேயே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. விற்கிறவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

நடக்கச் சொல்கிறீர்கள். எங்கே நடப்பது? விளக்கில்லை, நாய், செம்பனை லோரி.

கேள்வி நூற்றுக்கு நூறு சரி. விளக்குக்கு எழுதிப் போட்ட கடிதங்களின் நகல் என் கோப்பில் மூன்று இருக்கிறது. பதில் வந்தது ஒன்றுக்கு. அதுவரை பள்ளித் திடலை மாலை 5.30லிருந்து 7 வரை திறந்து வைக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்கள் குழுவாக வருகிறார்கள். நாலு சுற்று நடை, இரண்டு சுற்று வம்பு. நாங்கள் கேட்ட நல்ல ஆலோசனை ஒரு லயத்து அக்கா சொன்னது: "நடக்க வா என்றால் என் வீட்டுக்காரர் விடமாட்டார். கோயிலுக்கு நடந்து போய் வா என்று சொல்லுங்கள்." செவ்வாய், வெள்ளி இப்போது அப்படித்தான்.

கிளினிக்கில் திட்டுகிறார்கள், அதனால் போவதில்லை.

எனக்கும் நடந்திருக்கிறது. எந்த இடம் என்று சொல்லமாட்டேன். வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படி "ஆண்ட்டி, இவ்வளவு எடையா" என்றார்கள், ஒன்றரை வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் என் சீனி அளவு ஏறியதுதான் மிச்சம். எங்கள் தராசு இதனால்தான் திரைக்குப் பின்னால் இருக்கிறது, எண்ணைச் சீட்டில் எழுதி உங்கள் கையில் கொடுப்போம். அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவருக்கும் அவர் துணைக்கும் 40 வயது நிறைந்திருந்தால் பெகா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு; பதிந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். மைகாட்டை (அடையாள அட்டையை) கொண்டுவந்தால் தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்.

தோட்டத்தில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தானே? அவர்களுக்கும் செய்கிறீர்களா?

செய்கிறோம், போதுமான அளவுக்கு இல்லை. அதே லயம், அதே நீண்ட வேலை, அதே இனிப்புத் தேத்தண்ணி. நூறு வருடத்துக்கு முன் நாம் இருந்த இடத்தில் இன்று அவர்கள். அரசாங்க கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளி, அவர்களுக்குப் பல மடங்கு. இரத்த அழுத்தம் மட்டும் எங்கள் மேசையில் யாருக்கும் பார்க்கிறோம். இதைக் குழுவில் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. கூட்டத்தில் குரல் உயர்ந்ததும் உண்டு.

ஒரு வருடம் வந்தேன், ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. வீண்தானே?

வீண் இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இனிப்பு நீர் வரும் கட்டத்தில் இருந்த இந்தியர்களை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் எடை அவ்வளவாக இறங்கவே இல்லை. தராசு காட்டாத வேலை உள்ளே நடக்கிறது. அதனால்தான் உங்கள் சீட்டில் எடைக்குப் பக்கத்தில் இடுப்பு, அழுத்தம், சீனி என்று மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன்; எடையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள்.

எப்படிச் சேர்வது?

புதன்கிழமை மாலை ஆறு மணி, கோயில் மண்டபத்துக்குப் பின்பக்கம், தராசு தூக்குகிற ஐயா அங்கே இருப்பார். மாதம் முதல் சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து லயத்துக்கு நாங்களே வருவோம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் எதிர்க்கடையில் சொல்லிவையுங்கள், காலை ஏழு மணிக்குத் தாதி அக்கா அங்கேதான் தே குடிப்பார், நாடா அவர் பையிலேயே இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சாவிக் கொத்தைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். போன மாதம் ஒரு மாமா வீட்டுச் சாவி, கடைச் சாவி, மோட்டார் பூட்டு எல்லாவற்றோடும் ஏறி நின்று அரைமணி நேரம் எங்களோடு வாதாடினார்.